மொட்டை போடும் முன் மூன்று உண்டியல்: இங்கிலாந்தில் நோய் ஆராய்ச்சிக்கு விளையாட்டாய் நிதி திரட்ட ஒரு வழிகாட்டி

என் அக்காவுக்கு மைலோமா என்று தெரிந்த வருடம் எங்கள் யாராலும் சும்மா உட்கார முடியவில்லை. மைலோமா எலும்பு மஜ்ஜையில் வரும் இரத்தப் புற்றுநோய். சிகிச்சை உண்டு. பல வருடங்கள் அடக்கி வைக்கவும் முடிகிறது, ஆனால் பெரும்பாலும் திரும்ப வந்துவிடுகிறது. ஸ்டெம் செல் சிகிச்சையில் அக்காவுக்கு முடி கொட்டியபோது, நானும் மூன்று நண்பர்களும் மொட்டை போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தோம். ஊரில் வேண்டுதலுக்குப் போடுவோம், இங்கே ஆராய்ச்சி நிதிக்காகப் போடுவோம் என்று கிளம்பிவிட்டோம். கிழக்கு லண்டனில் ஒரு அரங்கு, கேரம் போட்டி, குலுக்கல் சீட்டு, இட்லி, வடை, கடைசியில் மொட்டை. கூட்டம் வந்தது, பணமும் வந்தது.

அடுத்த ஆறு வாரம் நான் பட்ட பாடு வேறு. முதல் வருடம் சேர்ந்தது 2,150 பவுண்டு. அதில் 900 பவுண்டுக்கு கிஃப்ட் எய்ட் (நன்கொடைக்கு மேல் அரசு சேர்த்துத் தரும் தொகை) கேட்க முடியாமல் போனது, அதாவது ஆராய்ச்சிக்குப் போயிருக்க வேண்டிய 225 பவுண்டு போனது. குலுக்கல் சீட்டுப் பணத்தை ஒவ்வொருவருக்கும் திருப்பிக் கொடுத்தோம். இரண்டாம் வருடம் எல்லாவற்றையும் முறைப்படி செய்தோம். அதே வேலையில் இறங்கப் போகும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே சொல்லும் சட்ட விவரங்கள் இங்கிலாந்துக்கானவை. வட அயர்லாந்தில் குலுக்கல் சட்டமே வேறு, ஸ்காட்லாந்திலும் சில நடைமுறைகள் மாறும்.

1. எந்த அமைப்பு, எந்த ஆராய்ச்சி (12 வாரத்துக்கு முன்)

"கேன்சருக்கு" என்று பொதுவாகச் சொல்லி வசூலிக்காதீர்கள். பணம் யாரிடம் போகிறது என்பது நோட்டீஸ் அடிக்கும் முன்பே முடிவாக வேண்டும். தொண்டு அமைப்புகளைப் பதிவு செய்து கண்காணிக்கும் சாரிட்டி கமிஷனின் பதிவேடு இணையத்தில் இலவசம். அமைப்பின் பெயரைத் தட்டினால் பதிவு எண், ஆண்டுக் கணக்கு, எதற்கு எவ்வளவு செலவிட்டார்கள் என்பதெல்லாம் தெரியும். நோயாளிகளுக்கு உதவும் அமைப்பு எல்லாமே ஆராய்ச்சிக்கும் பணம் தருவதில்லை. இரண்டும் நல்ல காரியம்தான், ஆனால் நீங்கள் எதைச் சொல்லிக் கேட்கிறீர்களோ பணம் அதற்குத்தான் போக வேண்டும். மருத்துவ ஆராய்ச்சி அமைப்புகளுக்கென்று ஏஎம்ஆர்சி என்ற சங்கம் ஒன்று உண்டு. அதில் சேர வேண்டுமானால், ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் முன் துறை வல்லுநர்களை வைத்து மதிப்பிட்டாக வேண்டும். ஒரு அமைப்பு அதன் உறுப்பினரா என்று பார்ப்பது நல்ல வடிகட்டி. இரத்தப் புற்றுநோய்க்கு பிளட் கேன்சர் யூகே, மைலோமாவுக்கு மைலோமா யூகே, மோட்டார் நியூரான் நோய்க்கு எம்என்டி அசோசியேஷன் என்று நோய்வாரியாகவும் அமைப்புகள் இருக்கின்றன.

தேர்ந்தெடுத்ததும் அவர்களுடைய நிதி திரட்டும் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எங்களுக்குப் பதில் வர ஒன்பது நாள் ஆனது. மூன்று விஷயம் கேளுங்கள். முதலாவது, உங்கள் நிகழ்ச்சியை அவர்கள் அறிவார்கள் என்று சொல்லும் ஒரு கடிதம். அரங்கு பிடிக்கும்போதும் கடைகளில் பரிசுப் பொருள் கேட்கும்போதும் அது மிகவும் உதவும். இரண்டாவது, முத்திரை ஒட்டிய வசூல் வாளிகளும், கொடுப்பவர் பெயரும் தொகையும் எழுதும் ஸ்பான்சர் படிவங்களும். பெரும்பாலும் இலவசமாகவே அனுப்புவார்கள். மூன்றாவது, நோட்டீஸில் போட வேண்டிய வாசகம். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். "மைலோமா ஆராய்ச்சிக்கு" என்று நீங்கள் அச்சடித்துவிட்டால் அந்தப் பணத்தை அமைப்பு அதற்கு மட்டுமே செலவிட முடியும், அதைத் தனிக் கணக்காக வைக்க வேண்டும். அவர்கள் அதற்குச் சம்மதமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் அமைப்பின் ஆட்கள் அல்ல, அதற்கு உதவியாக நடத்துகிறவர்கள். நோட்டீஸில் "இன்ன அமைப்புக்கு உதவியாக" என்று போட்டு, பதிவு எண்ணையும் சேருங்கள். அமைப்பின் வழக்கமான லோகோவை இணையத்தில் எடுத்து ஒட்ட வேண்டாம், இதற்கென்றே ஒன்று தருவார்கள்.

நோயாளியின் படம், பெயர் போடுவதாக இருந்தால் அவரிடம் கேளுங்கள். அவர் குடும்பத்தைக் கேட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அக்கா பெயருக்குச் சம்மதித்தாள், படத்துக்குச் சம்மதிக்கவில்லை.

2. மூன்று உண்டியல் வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். வரும் காசெல்லாம் ஒரே காரியத்துக்குத்தான் என்று நமக்குத் தோன்றும். வரிச் சட்டத்துக்கும் சூதாட்டச் சட்டத்துக்கும் அது மூன்று வகைப் பணம்.

முதல் உண்டியல் நன்கொடை. ஒருவர் எதையும் பதிலுக்குப் பெறாமல் "நீ மொட்டை போடு, நான் 20 பவுண்டு தருகிறேன்" என்று தருவது. இதற்குத்தான் கிஃப்ட் எய்ட் கிடைக்கும்.

இரண்டாவது விளையாட்டுப் பணம்: குலுக்கல் சீட்டு, தம்போலா (எண்களைக் கூப்பிட்டு ஆடும் ஹௌசி), கேரம் நுழைவுக் கட்டணம். இதற்கு கிஃப்ட் எய்ட் கிடையாது. சிலவற்றுக்கு சூதாட்டச் சட்ட விதிகள் உண்டு.

மூன்றாவது சாப்பாட்டுப் பணம். வடை வாங்கினவர் வடைக்குக் காசு கொடுத்தார், அது விற்பனை.

முதல் வருடம் ஒரே பிஸ்கட் டப்பாவில் எல்லாவற்றையும் போட்டோம். இரவு எண்ணும்போது எது எந்தக் காசு என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. இரண்டாம் வருடம் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மூன்று டப்பா வைத்தோம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டு, ஒரு பொறுப்பாளர். செலவு 6 பவுண்டுகூட ஆகவில்லை.

3. நன்கொடைப் பக்கமும் கிஃப்ட் எய்டும் (8 வாரத்துக்கு முன்)

ஜஸ்ட்கிவிங் போன்ற நிதி திரட்டும் இணையதளத்தில் பக்கம் திறப்பது பத்து நிமிட வேலை. ஆனால் அங்கே இரண்டு வழி இருக்கிறது. ஒன்றில் பணம் நேராக அமைப்புக்குப் போகும். இன்னொன்று தனிநபர் வசூல், அதில் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். முதல் வழியைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் ஊர்ப் பணம் வந்தால், நீங்கள் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் கேள்வி வரும். கிஃப்ட் எய்டும் கிடைக்காது.

பணம் செலுத்தும் பக்கத்தில் தளத்துக்கு "டிப்" கேட்கும் ஒரு பட்டை வரும். அதைப் பூஜ்ஜியத்துக்கு நகர்த்தலாம் என்பது பெரியவர்கள் பலருக்குத் தெரியாது. 20 பவுண்டு தரப் போய் 23 கட்டினேனே என்று எங்கள் பக்கத்து வீட்டு மாமா வருத்தப்பட்டார். வாட்ஸ்அப்பில் சுட்டி அனுப்பும்போதே இதை ஒரு வரி எழுதிவிடுங்கள்.

சரி, கிஃப்ட் எய்டுக்கு வருவோம். இங்கே வருமான வரி கட்டும் ஒருவர் 1 பவுண்டு கொடுத்தால், அமைப்பு அரசிடம் 25 பென்ஸ் கூடுதலாகக் கேட்டுப் பெறலாம். கொடுத்தவருக்கு ஒரு காசும் கூடுதல் செலவில்லை. 640 பவுண்டுக்குச் சரியான படிவம் இருந்ததால் முதல் வருடம் எங்களுக்கு 160 பவுண்டு கிடைத்தது. மற்ற 900 பவுண்டில் எங்கே கோட்டை விட்டோம் என்று சொல்கிறேன்.

காகிதப் படிவத்தில் கொடுப்பவரின் முழுப்பெயர், வீட்டு முகவரி, அஞ்சல் குறியீடு, தொகை, பணம் தந்த தேதி, கிஃப்ட் எய்ட் கட்டத்தில் டிக் எல்லாம் இருக்க வேண்டும். நம் ஆட்கள் "குமார் அண்ணா, 20" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அது செல்லாது. அலுவலக முகவரியும் செல்லாது. கணவன் மனைவி இருவர் பெயரையும் ஒரே வரியில் எழுதி ஒரு டிக் போட்டால் அதுவும் செல்லாது, ஆளுக்கு ஒரு வரி வேண்டும். கடை அல்லது கம்பெனி பெயரில் வரும் பணத்துக்கு இந்தச் சலுகை இல்லை. நண்பர்களிடம் 5, 10 என்று வசூலித்து ஒருவர் 100 பவுண்டாகக் கொடுத்தால், அது அவருடைய நன்கொடை ஆகாது.

மாணவர்களை இங்கே தனியாகக் கவனியுங்கள். படிக்க வந்த பிள்ளைகள் ஆசையாய் 10 பவுண்டு தருவார்கள், எல்லாரும் போடுகிறார்களே என்று டிக்கும் போட்டுவிடுவார்கள். வருடத்தில் 12,570 பவுண்டுக்குள் சம்பாதிப்பவர் பொதுவாக வருமான வரி கட்டுவதில்லை. வரி கட்டாதவர் டிக் போட்டால், அமைப்பு பெற்ற கூடுதல் தொகையை வரித்துறை அவரிடமே கேட்கலாம். "இந்த வரி வருடத்தில் சம்பளத்தில் வரி பிடிக்கிறார்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்றால் கட்டம் காலியாகவே இருக்கட்டும், 10 பவுண்டு அப்போதும் 10 பவுண்டுதான்.

இன்னொரு பெரிய தவறு. கையில் சேர்ந்த ரொக்கத்தை வைத்துக்கொண்டு, அதே தொகையை உங்கள் கார்டில் பக்கத்தில் கட்டி, கிஃப்ட் எய்டுக்கு டிக் போடுவது. நல்லெண்ணத்தில்தான் பலரும் செய்கிறார்கள். அது உங்கள் பணம் அல்ல, ஆகவே அது பொய் அறிவிப்பு. அப்படிக் கட்ட வேண்டி வந்தால் டிக் இல்லாமல் கட்டுங்கள்.

சம்பளத்தோடு வேலை செய்பவர்கள் தங்கள் நிறுவனம் "மேட்ச்" செய்யுமா என்று மனிதவளத் துறையில் கேட்கட்டும். பணியாளர் திரட்டிய தொகைக்கு ஈடாகத் தாங்களும் தரும் நிறுவனங்கள் நிறைய. சில இடங்களில் நிகழ்ச்சிக்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும்.

4. குலுக்கல் சீட்டு: நான் வழுக்கி விழுந்த இடம்

காசு கட்டினால், பரிசு உண்டு என்றால், யாருக்குப் பரிசு என்பதை அதிர்ஷ்டம் மட்டும் முடிவு செய்தால் அது லாட்டரி. பரிசு ஒரு குக்கரோ பட்டுப்புடவையோ, பணம் புற்றுநோய் ஆராய்ச்சிக்கே போகிறதோ, சட்டத்துக்கு அது லாட்டரிதான். 2005ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டம் இதற்குச் சில எளிய வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. எந்த வழியில் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும்.

உரிமமே தேவைப்படாத வழி, நிகழ்ச்சியோடு ஒட்டிய குலுக்கல். சீட்டை நிகழ்ச்சி நடக்கும் இடத்தில், நடக்கும் நேரத்தில் மட்டுமே விற்கலாம். வசூலில் பரிசு வாங்க 500 பவுண்டு வரையும், நடத்தும் செலவுக்கு 100 பவுண்டு வரையும்தான் எடுக்கலாம். கடைக்காரர்கள் இனாமாகத் தரும் பரிசுகள் அந்த 500இல் சேராது. ஆகவே பரிசுகளைக் கேட்டு வாங்குங்கள். மளிகைக்கடை, நகைக்கடை, உணவகம் என்று ஒரு சனிக்கிழமை சுற்றினால் அமைப்பின் கடிதத்தைப் பார்த்து மறுப்பவர் குறைவு.

நாங்கள் என்ன செய்தோம்? இரண்டு வாரத்துக்கு முன்பே வாட்ஸ்அப் குழுக்களில் சீட்டு விற்றோம். 312 பவுண்டு வந்தது. முன்கூட்டி விற்ற அந்த நொடியே அது மேலே சொன்ன வகையிலிருந்து வெளியே போய்விட்டது. விவரம் தெரிந்த ஒரு நண்பர் சொன்ன பிறகு, உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் திருப்பி அனுப்பினோம். அதில் மூன்று மாலை போனது.

முன்கூட்டி விற்றே ஆக வேண்டும் என்றால், லாப நோக்கமில்லாத உங்கள் சங்கத்தை உள்ளூர் கவுன்சிலில் (நம்மூர் நகராட்சி மாதிரி) சிறு சங்க லாட்டரியாகப் பதிவு செய்ய வேண்டும். முதல் பதிவுக்கு 40 பவுண்டு, பிறகு வருடத்துக்கு 20. சீட்டில் சங்கத்தின் பெயர், விலை, பொறுப்பாளர் பெயர், முகவரி, குலுக்கல் தேதி அச்சாக வேண்டும். 16 வயதுக்குக் கீழே யாருக்கும் விற்கக் கூடாது. வசூலில் குறைந்தது 20 சதவீதம் காரியத்துக்குப் போக வேண்டும், குலுக்கி மூன்று மாதத்துக்குள் கவுன்சிலுக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். சங்கம் இல்லாத நான்கு நண்பர்களுக்கு இந்த வழி பொருந்தாது. ஒரே கட்டடத்தில் வேலை செய்பவர்களுக்குள் மட்டும் விற்பதானால் பதிவு தேவையில்லை. அலுவலகத்தில் நடத்துகிறவர்களுக்கு அது நல்ல வழி.

தம்போலாவுக்கு வேறு விதி. கட்டணத்துக்கேற்ப பரிசு கூடுகிற மாதிரி நடத்தினால் ஒருவரிடம் ஒரு நாளுக்கு 8 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது, மொத்தப் பரிசு 600 பவுண்டைத் தாண்டக் கூடாது, பணம் எதற்குப் போகிறது என்று ஆடுபவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். 2 பவுண்டுச் சீட்டு வைத்தால் ஒருவருக்கு நான்கு சீட்டுக்கு மேல் விற்காதீர்கள். கேரம் திறமையால் வெல்லும் ஆட்டம், அதனால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. அணிக்கு 10 பவுண்டு நுழைவுக் கட்டணம் வைத்தோம்.

எனக்கு மிகவும் பிடித்தது பரிசே இல்லாத ஆட்டம்தான். மீசை வாக்கு. ராஜா அண்ணன் கல்லூரி நாளிலிருந்து மீசை எடுத்ததே இல்லை. "இருக்கட்டும்", "போகட்டும்" என்று இரண்டு வாளி வைத்தோம், போடும் ஒவ்வொரு பவுண்டும் ஒரு ஓட்டு. அவருடைய மனைவி "இருக்கட்டும்" வாளியில் 20 பவுண்டு போட்டதும், பிள்ளைகள் ஆளுக்கு ஆள் காசு திரட்டிக்கொண்டு வந்து "போகட்டும்" வாளியை நிறைத்தார்கள். பரிசு இல்லாததால் அது லாட்டரியும் ஆகாது. செலவே இல்லாமல் 286 பவுண்டு வந்தது.

5. அரங்கும் அனுமதிகளும் (8 வாரத்துக்கு முன்)

சமூகக் கூடம், தேவாலயக் கூடம், பள்ளி அரங்கு என்று விசாரியுங்கள். நிதி திரட்ட என்றால் வாடகை குறைப்பார்கள், ஆனால் கேட்டால்தான். எங்களுக்கு மணிக்கு 38 பவுண்டு 25 ஆனது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சேர்த்துப் பிடியுங்கள், மேசை போடவும் கூட்டிப் பெருக்கவும் அது போய்விடும்.

கேட்க வேண்டியவை: பொதுப் பொறுப்புக் காப்பீடு (வந்தவர்களுக்கு அடிபட்டால் ஈடு தருவது) கூடத்துக்கு இருக்கிறதா, அது வெளியாட்கள் நடத்தும் நிகழ்ச்சிக்கும் பொருந்துமா? நீங்கள் சொந்தமாக நடத்தும் நிகழ்ச்சியை அமைப்பின் காப்பீடு பொதுவாகக் காக்காது. ஒரு நாள் காப்பீடு எடுத்தோம், 54 பவுண்டு. பாட்டுப் போட இசை உரிமம் கூடத்துக்கு இருக்கிறதா என்றும் கேளுங்கள். மது விற்பதாக இருந்தால் கவுன்சிலுக்குத் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு தர வேண்டும், கட்டணம் 21 பவுண்டு, நிகழ்ச்சிக்கு 10 வேலை நாள் முன்பே. நாங்கள் மது வைக்கவில்லை.

வாளி ஏந்தித் தெருவில் போகாதீர்கள். பொது இடத்தில் வசூலிக்க அனுமதி வேண்டும், லண்டனின் பெரும்பகுதியில் அதைத் தருவது மெட்ரோபாலிட்டன் போலீஸ், வெளியூர்களில் கவுன்சில். கோயில், சூப்பர்மார்க்கெட் வாசல் என்றால் அந்த இடத்துக்கு உரியவர்களின் சம்மதம்.

6. சாப்பாடு

வருடத்துக்கு ஒரு நாள் தன்னார்வலர்கள் சமைத்து விற்பதற்குப் பொதுவாக உணவகப் பதிவு தேவையில்லை. அடிக்கடி செய்தால் கவுன்சிலைக் கேளுங்கள். ஒவ்வாமை தரும் 14 பொருள்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு அட்டை எழுதி வையுங்கள். நம் சமையலில் நமக்கே தோன்றாதவை உண்டு: தாளிக்கும் கடுகு அந்தப் பட்டியலில் இருக்கிறது, எள் இருக்கிறது, முந்திரியும் நிலக்கடலையும் நெய்யும் இருக்கின்றன. கட்டிப் பெருங்காயத்திலும் தூளிலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். "இட்லி சாம்பாரில் கோதுமை இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள், டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.

7. மொட்டை

தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். எங்கள் பகுதி முடிதிருத்துபவர் ஒருவர் கூலி வாங்காமல் வந்தார். மெஷினில் அடித்தாலே போதும். சவரம் செய்வதானால் தலைக்கு ஒரு புது பிளேடு. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் சவரத்துக்கு உட்கார வேண்டாம். பிள்ளைகள் ஆசைப்பட்டால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கோடையில் நடத்தினால் தலைக்கு சன்ஸ்கிரீன் தடவுங்கள், வெளிறிய மண்டை ஒரு மதியத்தில் வெந்துவிடும்.

மொட்டையை நிகழ்ச்சியின் தொடக்கத்தில் வைக்காதீர்கள். முதல் ஆளைப் பாதித் தலையோடு நிறுத்தி, "மீதிக்கு இன்னும் 50 பவுண்டு" என்று சொல்லுங்கள். இரண்டே நிமிடத்தில் வந்தது.

நீள முடி வைத்திருக்கும் பெண்கள் யாராவது முன்வந்தால், அந்த முடியை லிட்டில் பிரின்சஸ் டிரஸ்டுக்கு அனுப்பலாம். அவர்கள் சிகிச்சையில் முடி இழந்த குழந்தைகளுக்கு இலவசமாக விக் தருகிறார்கள், குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் பணம் தருகிறார்கள். குறைந்தபட்ச நீளம் எவ்வளவு என்று அவர்களுடைய தளத்தில் பார்த்துவிட்டு வெட்டுங்கள். முடி காய்ந்திருக்க வேண்டும், வெட்டும் முன்பே ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். தரையிலிருந்து அள்ளிய முடி உதவாது.

8. எண்ணுவதும் அனுப்புவதும் (அன்றிரவிலிருந்து 4 வாரம்)

முத்திரையை இரண்டு பேர் சேர்ந்து உடையுங்கள், அவர்கள் ஒரே குடும்பமாக இல்லாமல் இருப்பது நல்லது. மூன்று டப்பாவையும் தனித்தனியே எண்ணி, தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து வையுங்கள். சில்லறைக்கு வங்கியில் பிளாஸ்டிக் பைகளை இலவசமாக முன்பே வாங்கிவிடுங்கள். ஒரு பையில் ஒரே வகை நாணயம்தான்: 1 பவுண்டு, 2 பவுண்டு நாணயங்கள் 20 பவுண்டுக்கு, 50, 20 பென்ஸ் 10 பவுண்டுக்கு, 10, 5 பென்ஸ் 5 பவுண்டுக்கு, செப்புக் காசு 1 பவுண்டுக்கு. கலந்த பையை வாங்க மாட்டார்கள். அமைப்பு அனுப்பிய வங்கிச் சீட்டோடு நேராக அவர்கள் கணக்கில் கட்டுங்கள், குறிப்பு எண்ணை மறக்க வேண்டாம்.

செலவை மொத்தத்தில் கழித்துவிட்டு மீதியை மட்டும் சொல்லாதீர்கள். வந்தது இவ்வளவு, அரங்குக்கும் காப்பீட்டுக்கும் சமையலுக்கும் போனது இவ்வளவு, கட்டியது இவ்வளவு என்று மூன்று வரியும் வங்கி ரசீதும் ஒரு வாரத்துக்குள் அதே வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். நாங்கள் அரங்கு, காப்பீட்டுச் செலவை நால்வரும் கையிலிருந்து போட்டோம். தருவதாகச் சொல்லிவிட்டுப் பணம் தராதவர்களுக்கு இரண்டு முறை நினைவூட்டினால் போதும், அதற்கு மேல் கேட்க வேண்டாம்.

அசல் ஸ்பான்சர் படிவங்களை அமைப்புக்குத் தபாலில் அனுப்புங்கள், அதுவும் கையெழுத்து வாங்கும் தபாலில். அதில் நூறு பேருடைய வீட்டு முகவரி இருக்கிறது. பாதுகாப்புக்காகப் படம் எடுத்து வைத்திருந்தால், கிடைத்தது என்று அமைப்பிலிருந்து பதில் வந்ததும் அந்தப் படங்களை அழித்துவிடுங்கள். இரண்டாம் வருடம் எங்களுக்கு அந்தப் பதில் பதினோராம் நாள் வந்தது. அதன் நகலை அச்செடுத்து, பரிசுப் பொருள் தந்த கடைகளுக்கு அக்காவே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.